கறை

ஃபாரோ தீவில்
பேறுகாலம் பார்க்கும் சுன்னிவா
கோயிலுக்குக் கையுறை போட்டுத்தான் போவாள்.
கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும்
வெள்ளி நைட்ரேட் கருத்துக் கிடக்கிறது.
சோப்புக்கும் மசியாது, கடல்மணலுக்கும் மசியாது,
தோலே உரிந்தால்தான் உண்டு.

நேற்றுப் புயலில் படகேறிப் போய்
ஒரு பெண்குழந்தை.
ஒட்டிய இமையைப் பிரித்து
கண்ணுக்கொரு சொட்டு.

தகப்பன் ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கிறான்.
எந்தத் துறைமுகம், எத்தனை இரவு
அவள் கேட்பதில்லை.
பாதிரியார் வீட்டுப் பிள்ளைக்கும்
அதே புட்டிதான்.
எல்லோருக்கும் போடுவதால்
யாரையும் சொன்னதாகாது.

குழந்தை வீறிட்டது.
கிருமி, இருந்திருந்தால்,
சத்தமில்லாமல் செத்திருக்கும்.

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு
தாய்
இரண்டு கண்ணிலும் போட்டீர்களா என்றாள்.
போட்டேன் என்றாள் சுன்னிவா.

விளக்கை அணைத்த பிறகு
மறுபடியும் கேட்டாள்.