எழுபத்தொன்று

எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள்.
ஏழே முக்காலுக்கே பதினோரு பேர்
சுவரோரமாய், காற்றுக்கு முதுகு காட்டி.
'முன்பதிவு வேண்டாம், நேரே வரலாம்'
கதவில் ஒட்டிய தாளின் ஒரு மூலையை
உப்புக்காற்று உரித்திருக்கிறது.

இரவுப் பணி முடிந்து
துறைமுகத்திலிருந்து நேராக வருகிறேன்.
டப்ளின் கப்பலின் வயிற்றுக்குள் நின்று
நாற்பத்தாறு லாரிகளைக் கையசைத்து வெளியேற்றியவன்
ஒரு துண்டுச்சீட்டுக்குக் கை நீட்டுகிறேன்.
79.
நேற்று விட்ட எண்ணிலிருந்துதான்
இன்று சுருள் தொடங்குகிறது.
ஒன்றாம் எண்காரர் என்று
ஒருவரும் இல்லை இங்கே.

பத்து மணி நேரமாய்ப் பச்சைத்தண்ணீர்.
படிவத்தில் 'வெறும் வயிறு' என்பதை
டாக்டர் இரண்டு முறை வட்டமிட்டிருக்கிறார்.
வெறும் வயிறு வெறுமையாய் இருப்பதில்லை.
இரண்டு கடற்காகங்கள் உள்ளே
ஒரு பொட்டலத்துக்கு அடித்துக்கொள்கின்றன.

நாற்காலிகளை வரிசையாய்த் திருகி இணைத்திருக்கிறார்கள்,
ஒருவர் காலாட்டினால் எல்லோரும் ஆட வேண்டும்.
ஆட்டுகிறவர் இட்வால்.
ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்பவர்,
மாதாமாதம் வருகிறவர்.
"இடது கையைத்தான் கொடுப்பேன்,
வலது கை தேநீருக்கு" என்கிறார்,
யாரும் கேட்காமல்.
வானிலையை வேல்ஷில் பேசுகிறார்கள்,
நோயை ஆங்கிலத்தில்.

பக்கத்து நாற்காலியில் மெரேரிட்.
மீன்கடையில் பார்த்திருக்கிறேன்,
கானாங்கெளுத்தியின் வயிற்றைக்
கண் இமைக்காமல் கீறுகிறவள்.
கையில் 71,
நான்காய் மடித்து, பிரித்து, மறுபடி மடித்து.

எழுபது என்றது பலகை.
அவள் எழுந்தாள்.
சீட்டை என் உள்ளங்கையில் அழுத்தினாள்,
வியர்வையில் துணிபோல் ஆகியிருந்தது.
"நீ போ. எனக்குப் பஸ் வந்துரும்."
பஸ் ஒன்பதரைக்கு.
மணி எட்டு நாற்பது.

"எழுபத்தொன்று... நீங்களா?"
ரத்தம் எடுக்கும் ஷோனெட்
என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.
ஆம் என்றேன்.
பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.
தட்டில் பட்டாம்பூச்சி ஊசி ஒன்று
தயாராய் இருந்தது,
இரண்டு நீலச் சிறகுகளோடு,
குழந்தைகளுக்கும்
ஒளிந்துகொள்ளும் நரம்புகளுக்கும் ஆனது.
ஒன்றும் சொல்லாமல் எடுத்து
மேல் இழுப்பறையில் வைத்தாள்.
என் முழங்கைக்குச் சாதாரண ஊசி போதும்.

பேர். பிறந்த தேதி. தெருவின் பேர்.
"சுருக்குன்னு இருக்கும்."
இருந்தது.
என் ரத்தம் நான் நினைத்ததைவிடக் கறுப்பு,
எஞ்சினிலிருந்து வடிப்பதைப்போல.
மஞ்சள் மூடி ஒன்று, ஊதா மூடி ஒன்று.
எழுதி ஒட்டியது என் பேர்தான்.
ஆனாலும் ஒரு திருட்டுணர்ச்சி.

வெளியே வந்தேன்.
முழங்கை மடிப்பில் பஞ்சு,
சட்டைப்பையில் சீஸ் ரொட்டி,
அதற்கடியில் என் பழைய சீட்டு.
79. இன்னும் அழைக்கப்படாத எண்.

நிழற்குடையில் உட்கார்ந்திருந்தாள்,
அவளும் ராத்திரியிலிருந்து சாப்பிடாதவள்தான்.
ரொட்டியைக் கொடுத்தால் பசி தீரும்.
இன்றைய சோதனையும் தீர்ந்துபோகும்.
சீட்டைக் கொடுத்தேன்.
"சின்ன ஊசி ஒண்ணு இருக்கு.
மேல் இழுப்பறையில்."

ரொம்ப நேரம் எண்ணையே பார்த்திருந்தாள்.
எண்ணிக்கொண்டிருந்தது
எண்ணையா, என்னத்தையா.
"வலிக்குமா?"
"வலிக்கும்."
"இட்வால் வலிக்காதுன்னார்."
"அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வார்."

ஒன்பதரை பஸ் வந்தது. கதவைத் திறந்தது.
ஓட்டுநர் எங்கள் இருவரையும் பார்த்தார்,
மூடிக்கொண்டு போனார்.

அவள் இன்னும் எழவில்லை.
நான் இன்னும் ரொட்டியைப் பிரிக்கவில்லை.
உள்ளே எழுபத்தாறோ, ஏழோ.