எழுதாத பதினோரு நிமிடம்

சூரோய் தீவில்
மீன் பதனிடும் ஆலைக்குப் பின்னால்
ஒரு கான்கிரீட் அறையில் இருக்கிறாய் நீ.
உன்னைத் தேடி ஆண்டுக்கு இரண்டு பேர் வருவார்கள்:
தூசி துடைப்பவர் ஒருவர்,
தீயணைப்பானில் தேதி பார்ப்பவர் ஒருவர்.

நான் இங்கே டோர்ஷவுனில், இரவுப் பணி.
என் பொறுப்பில் இருப்பவன் முதல்வன்.
எந்தக் கைபேசி எந்தக் கோபுரத்தின் கீழ் என்று
எழுதிக்கொண்டே இருக்கிறான்.
அந்த ஈரம் காயுமுன்
அதே வரி உன்னிடமும்.
கடலடிக் கம்பியில்
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
நொடிக்குப் பத்து முறை.
காதலர்கள் இப்படிக் கேட்டால்
ஒரே வாரத்தில் பிரிந்துவிடுவார்கள்.

எங்கள் ஒப்பந்தத்தில்
வரிசையாக ஐந்து ஒன்பதுகள்.
விரித்துச் சொன்னால்,
ஆண்டுக்கு ஐந்து நிமிடம், கொசுறாகப் பதினைந்து நொடி.
அதற்குமேல் சாக எங்களுக்கு அனுமதியில்லை.

பிப்ரவரி. அதிகாலை மூன்று நாற்பது.
இருக்கிறாயா?

இருக்கிறாயா?

முதல்வன் சாண்டோயைக் கேட்டான்.
அங்கே பள்ளிக்கூட நிலவறையில்
ஒரு சின்னப் பெட்டி, சாட்சி என்று பெயர்.
அதற்கு ஒருவர் எண்ணும் தெரியாது,
கை தூக்க மட்டும் தெரியும்.
தூக்கியது.
மூன்றில் இரண்டு. அவன் தொடர்ந்து எழுதினான்.

நீயும் கேட்டிருப்பாய்.
செத்தது அவனா, நீயா, நடுவிலிருந்த கடலா,
அறிய உனக்கு வழியில்லை.
ஆறு வருஷம் இதற்குத்தானே காத்திருந்தாய்?
எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.
உட்கார்ந்திருந்தால்
ஓர் உறையில் இரண்டு கத்தி.
ஒரே ஆள் இரண்டு தீவில்,
ஒரே எண்ணுக்கு இரண்டு கணக்கு,
மெய் எது என்று பிரித்தெடுக்க எங்களுக்கு ஒரு மாதம்.

நீ பேனாவை மூடினாய்.
படிக்கலாம், எழுதக் கூடாது.
இருந்தவர்கள் இருந்த இடத்தில் இருந்ததால்
பேச்சு பேச்சாகவே நடந்தது;
மருத்துவச்சிக்கு ஓர் அழைப்பு போயிருக்கிறது,
பிறகு பதிவில் பார்த்தேன்.

புதிதாக வந்தவனுக்குத்தான் இடமில்லை.
வந்தவன் ஸ்வேரி.
மூன்று நாள் கடல். வீடு திரும்பும் வழியில்
ஆசைக்கு இன்னொரு முறை வலை இறக்கியவன்.
கோபுரத்தின் சிவப்பு விளக்கு தெரிந்ததும்
மார்யுனுக்குப் போட்டான்.
நான்கு முறை. நான்கு முறையும்
அவனை யாரென்றே தெரியாது என்றது வலைப்பின்னல்.
படகின் வானொலியில் அவன் துறைமுகத்தைப் பிடிக்க,
துறைமுகம் என்னைப் பிடிக்க,
வசவு முழுவதும் சிந்தாமல் வந்து சேர்ந்தது.

மன்னிப்புக் கேட்டேன்.
சற்றுத் தணிந்து சொன்னான்:
இன்றைக்கு விடிந்த நேரமே சரியில்லை.
வலையும் போச்சு.
அடியில் ஏதோ தடித்த கயிறு,
என்ஜினை முடுக்கினேன், பட்டென்று அறுந்தது.

எத்தனை மணிக்கு, என்றேன்.

மூன்று ஐம்பத்தொன்றுக்கு
மலைமேல் நுண்ணலைத் தட்டு
பனியை உதறிக்கொண்டு விழித்தது.
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
நாலாயிரத்துச் சொச்சம் வரி தவறியிருந்தது உனக்கு.
கோபிக்காமல், முறை மாறாமல்
ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாய்.
அடுத்த வரி ஸ்வேரி, வாகுர் கோபுரம்.
மார்யுன் எடுத்தாள். நாற்பது நொடி பேசினார்கள்.

இரண்டு வருஷத்துச் சாவை
ஒரே இரவில் செலவழித்துவிட்டோம்.
அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு முன்னால்
காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
நீ செய்ததை எழுத
அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

தூசி துடைப்பவர் அடுத்த மாதம் வருவார்.