கன்றுகள்

சரிவில் நாற்பத்தேழு மெழுகுப் பனைகள்.
எல்லாம் கிழங்கள்.
குழந்தை ஒன்றுகூட இல்லை.
பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள்
பிடரி முதுகில் இடிக்க அண்ணாந்து படமெடுக்கிறார்கள்,
தோச்சேயின் மேகத்துக்குள் முடி நுழைந்த மரங்களை.
காலடியை யாரும் எடுப்பதில்லை.

விதை விழாமல் இல்லை, முளைக்காமலும் இல்லை.
முளைத்ததில் பாதியை வெயில் காய்ச்சும்.
மீதியை என் பசுக்கள் வழித்துவிடும்,
புல்தானே என்று.

ஓடைக்கரைக் காட்டில்
கிளிகள் கொத்திப்போட்டதைப் பொறுக்கினேன்.
ஆரஞ்சுத் தோலை நகத்தால் உரித்து
ஊறப்போட்டு
பழைய பால் கேன்களில் ஈரமண் நிரப்பிப் புதைத்தேன்.
பதின்மூன்று மாதம் ஒன்றுமில்லை.
எவெலியோ கேட்டான்:
ருபியேலா, மண்ணுக்கா தண்ணீர் ஊற்றுகிறாய்?
மண்ணுக்குத்தான்.

பிறகு ஒரு பச்சை ஊசி.
அதற்கடுத்த வாரம் மூன்று.

அலிசோ மர நிழலில் அரை ஹெக்டேர்,
ஐந்து வரி முள்கம்பி.
ஒன்பது வருஷம் ஆகியும் முழங்கால் உயரம்தான்.
அவன் கணக்குப் போட்டான்:
இந்த இடத்தில் ஒரு பசு மேய்ந்தால்
நாளுக்குப் பன்னிரண்டு லிட்டர்.
தண்டென்று ஒன்று கண்ணில் பட
இன்னும் ஐம்பது வருஷம்.
அப்போது எனக்கு நூற்றுப் பதினொன்று என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

பால் வண்டிக்காரனோடு போனில் விலைக்குச் சண்டை.
அந்தச் சூட்டில்
வேலிக் கதவின் கொக்கியை மறந்தேன்.
திரும்பி வந்தால் உள்ளே கோல்தா,
வாயோரம் ஓர் இலை இன்னும் ஆடுகிறது.
பதினொன்று போயிருந்தது.

அடிக்கக் கை ஓங்கினேன்.
நிறைசினை. வயிற்றில் ஒரு கன்று,
வாயில் பதினொரு கன்று.
அவள் என்னைப் பார்த்தபடியே மென்றாள்.
கையை இறக்கினேன்.

மறுநாள், பக்கத்துத் தொழுவில்
அன்று கறந்த எதையும் வண்டிக்குத் தரவில்லை.
ஏன் என்று எனக்கே தெரியாது.
கோல்தாவோ மடி வற்றி நிற்கிறாள்,
அவள் தின்றது பாலாக இன்னும் இரண்டு மாதம்.
கன்று போட்டதும் சீம்பாலில் ஒரு வாய்
குடித்துப் பார்க்க வேண்டும்,
கசக்கிறதா என்று.

மீதி முப்பத்திரண்டு.
இன்று காலை எண்ணப் போனபோது
கதவில் இரண்டாவதாக ஒரு கொக்கி.
புதுசு, எண்ணெய் போட்டது.
கீழே சேற்றில்
ஒரு பென்சில் கிடந்தது.