அறை எண் நூற்றுப் பதினான்கு

புதன்கிழமை, நாலு பத்து.
இருபத்திரண்டு நாற்காலி.
வந்திருப்பவர் மூவர்.
அதில் ஒருவர் அறை மாறி வந்தவர்;
மன்னிப்புக் கேட்டு
ஒரு டோனட்டோடு வெளியேறினார்.

மெர்செட்டில் இது பாதாம் உலுக்கும் மாதம்.
இயந்திரம் மரத்தின் இடுப்பைப் பிடித்துக் குலுக்க
ஊரெல்லாம் தூசி.
ஜன்னலைச் சாத்திவிட்டுப்
பலகையில் எழுதினேன்:
‘இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து
மாறி வந்தோருக்கான விருப்பப் பாடம்.
ஒரு கிரெடிட்.’
எழுதியதை நானே படித்தேன்.

வராதவர்களுக்குக் காரணம் வேண்டுமாம்
டீன் அலுவலகத்துக்கு.
படிவத்தில் நான்கு கட்டம்.
நேரமில்லை, ஆர்வமில்லை,
தகவல் கிடைக்கவில்லை, பிற.
மறுநாள் காலை போன் போட ஆரம்பித்தேன்.

ரொசால்பா எடுத்தாள்.
பின்னால் ஏதோ பெல்ட் ஓடும் சத்தம்.
“மொடெஸ்டோல மூணு வருஷம் படிச்சேன் மிஸ்.
ரெண்டு புள்ள பெத்தேன், எழுபது கிரெடிட் எடுத்தேன்.
இங்க வந்ததும் பதினொன்ன கழிச்சுட்டாங்க.
கழிச்சவங்ககிட்டயே போய்
ஒண்ணு காசு குடுத்து வாங்கணுமா?”
சண்டையாகக் கேட்கவில்லை.
கணக்காகத்தான் கேட்டாள்.

ஹர்சிம்ரத் சிரித்தான்.
“லைப்ரரி எங்க இருக்குன்னு காட்டுவீங்க, அதானே?
நான் ஓரிகான் வரைக்கும் லாரி ஓட்டினவன்.”

அட்டிலானோவின் குரல்பெட்டி நிரம்பியிருந்தது.
மூன்று முறை.

பாசியா வெகுநேரம் பேசவில்லை.
பிறகு,
“அந்த ரூமுக்கு வந்தா
தடுமாறறேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”
தடுமாறுகிறாயா என்றேன்.
“கெமிஸ்ட்ரில நாப்பத்தொண்ணு.”
யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.

எந்தக் கட்டம் இது?

‘விருப்பம்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்ததில்
எனக்கும் பங்குண்டு.
போன வசந்தத்தில் ஒரு கூட்டம்.
கட்டாயம் என்றால் முகம் சுளிப்பார்கள்
என்றார் நார்வெல்.
தலையாட்டினோம்.
பல்லைப் பிடுங்குவது அவசியம்,
அடைத்துக் காப்பாற்றுவது உங்கள் விருப்பம்
என்று சொல்லும் காப்பீட்டு அட்டையைப்
பையில் வைத்திருப்பவர்கள் காதில்
அந்தச் சொல் எப்படி விழும் என்று
யாருக்கும் தோன்றவில்லை.
காபி நன்றாக இருந்தது அன்றைக்கு.

அடுத்த புதன், இரண்டே பேர்.
சீக்கிரம் முடித்துவிட்டு
மிச்ச டோனட்டோடு
வாகன நிறுத்தத்தின் கடைசி வரிசை வழியாக நடந்தேன்.
நிழல் இல்லாத வரிசை, அதனால் கட்டணம் குறைவு.
நாலைந்து கார்கள், கண்ணாடி இறக்கியபடி.
தலையில் வலையோடு ஒருத்தி
பானெட்டில் சாய்ந்து நின்றாள்.
முகம் தெரியாது எனக்கு.
குரல் தெரிந்தது.

“மெயில் போடாத. நேர்ல போ.
அவரு நேர்ல வந்தா மறு டெஸ்ட் வைப்பாரு.”
மடியில் கெமிஸ்ட்ரி விரித்திருந்த பெண்
தலையசைத்துக் குறித்துக்கொண்டாள்.
டர்பன் கட்டியவன் அடுத்த காரிலிருந்து,
“அந்தப் பதினொன்ன திருப்பிக் கேக்கலாம்.
பழைய சிலபஸ் தாளை எடுத்துக்கிட்டு
ரெண்டாவது மாடி, மூணாவது ஜன்னல்.
அந்தம்மாகிட்ட மட்டும். மத்தவங்க துரத்திடுவாங்க.”
“கடைசி நாள்?”
அவன் இறங்கி வந்து
தூசி படிந்த முன்கண்ணாடியில்
விரலால் எழுதினான்: 14.

என் பாடத்திட்டத்தில் இது ஆறாம் வாரம்.
ஆறாம் வாரம் வரும்போது
பதினான்காம் தேதி போயிருக்கும்.
மூன்றாவது ஜன்னல் எனக்குத் தெரியவே தெரியாது.

பின் இருக்கையில் ஒருவன்
பூட்ஸோடு தூங்கிக்கொண்டிருந்தான்.
அட்டிலானோவாக இருக்கலாம்.
எழுப்பவில்லை.

“யாரையாவது தேடறீங்களா?” என்றாள் ரொசால்பா.
இல்லை, இது மிச்சம் என்று
பெட்டியை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.
“நீங்க எந்தக் காலேஜ்லேருந்து மாறி வந்தீங்க?”
பதில் சொல்ல எனக்கு
நேரம் பிடித்தது.
அதற்குள் ஆறு மணி ஷிப்டுக்கு
கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.
எண் மட்டும் கண்ணாடியில் இருக்க
அவள் அதன் ஊடே பார்த்து ஓட்டினாள்.

இரவு படிவத்தைத் திறந்தேன்.
‘பிற’ என்பதற்கு எதிரே
ஒரு விரல் நீளம்
இடம் விட்டிருந்தார்கள்.