பதினெட்டு நிமிடம்

முத்தியால்பேட்டையில் எங்கள் ரொட்டிக் கடையிலிருந்து
கடல் கூப்பிடு தூரம்.
பங்குனியிலும் காற்று பிசுபிசுக்கும்,
மூட்டைக்குள் மாவு தானாகவே ஈரம் குடிக்கும்.
அதனால் நஃப்தாலி தன் கோதுமை மாவை
மூன்று பைகளுக்குள் பொதிந்து
மடியில் இறுக்கிக்கொண்டு
ஆட்டோவில் வந்து இறங்கினார்.

செவ்வாய் எங்களுக்கு விடுமுறை.
அடுப்பை மட்டும் வாடகைக்குக் கேட்டிருந்தார்.
மட்டும் என்றால் மட்டும்தான்:
மேசைக்குப் புதுக் காகிதம்,
உருட்டுக்கட்டைக்கு உப்புத்தாள்.
நான் சவுக்கு விறகு அடுக்கலாம், தீ வளர்க்கலாம்,
மாவைத் தொடக்கூடாது.
இருபத்தாறு வருஷம் மாவில் கிடந்த கைகளை
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

எங்கள் கடையில் தூங்குவது மாவு.
அவர்களிடம் தூங்குவது தண்ணீர்.
அந்தியில் மொண்டு, மூடி,
ராமுழுக்க ஓரமாக வைத்திருந்து
விடிந்ததும் எடுக்கிறார்கள்.
அது மாவில் விழுந்த நொடியில்
ஷிஃப்ரா கடிகாரத்தை அமுக்குகிறாள்.
பதினெட்டு நிமிடம்.
அதற்குள் பிசைந்து, தேய்த்து, முள்சக்கரத்தால் குத்தி
நெருப்பில் போட்டாகவேண்டும்.

"இல்லாவிட்டால் பொங்கிவிடுமா?" என்றேன்.
"பொங்கிவிடும்" என்றார்,
பாம்பு வந்துவிடும் என்பதைப் போல.

பானை பொங்கினால் கூவுகிற ஊரில்
இதை யாரிடம் போய்ச் சொல்ல.

எமிலியா அரைத்துவைத்த இட்லி மாவைப் பற்றிக் கேட்டேன்.
அரிசியும் உளுந்தும் புளிக்காதாம், சட்டப்படி.
பின்னே?
"அழுகும். அவ்வளவுதான்."
இதை நான் வீட்டில் சொல்லவில்லை.
சொன்னால் மனிதருக்கு ஈஸ்டர் வரை
காபிகூடக் கிடைக்காது.

இரண்டாம் தவணை முடிந்து
எல்லாரும் நகத்தைச் சுரண்டிக் கைகழுவும்போது
பாஸ்காவைப் பற்றிப் பேச்சு வந்தது.
எனக்கு பாஸ்கா என்றால் மெழுகுதிரி, நள்ளிரவு, கொட்டாவி.
அவருக்கு அது ஓர் ஆடு.
மாதுளைக் கழியில் கோத்து முழுசாகச் சுட்டது;
மாதுளை தீயில் நீர் விடாதாம்.
முன்கூட்டிப் பேர் கொடுத்தவர்களுக்கு மட்டும் கறி.
ஒரு துண்டு வாசல் தாண்டாது,
விடிந்தால் மிச்சம் இருக்காது,
ஓர் எலும்பும் முறியாது.
"நல்லி எலும்புமா?"
மொரீஸ் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.
"நல்லியும்தான்."

கோயில் இடிந்து எத்தனையோ காலம்.
இப்போது ஆடு இல்லை,
தட்டில் ஓர் எலும்பு வைப்பார்கள், யாரும் கடிப்பதில்லை.
சுட இடமில்லாத ஆட்டுக்கு
இத்தனை சட்டமும் மனப்பாடம்.

மூன்றாம் தவணை.
வெயில் மேசைக்கு ஏறிவிட்டது.
ஓரத்தில் ஓர் உருண்டை
யார் கையும் படாமல் தனியே கிடந்தது.
நான் யோசிக்கவில்லை.
தோளில் இருந்த ஈரத்துணியை எடுத்து
அதன்மேல் போர்த்தினேன்.

பதினோராவது நிமிடம்.
ஷிஃப்ரா வாயைப் பொத்திக்கொண்டாள்.
நஃப்தாலி கடிகாரத்தை நிறுத்தினார்.
தவணை மொத்தமும் போயிற்று:
உருண்டைகள், காகிதம், தேய்த்துவைத்தவை எல்லாம்.
கட்டைகளுக்கு மறுபடி உப்புத்தாள்.
திட்டியிருந்தால் தேவலை.
"உங்கள் கை நல்ல கை," என்றார்,
"அதனால்தான் வேண்டாம் என்றோம்."

பத்து மணிக்குள் நாற்பத்தொரு தகடு.
அடுப்பில் மடிந்துபோனது ஒன்று,
அது அவர்களுக்கு ஆகாது என்று
என்னிடம் நீட்டினார்.
ஓரம் கருகல். நடுவில் கொப்புளம்.
உப்பு இல்லை.
இந்தக் காற்றில் உப்பில்லாமல் ஒன்றைச் செய்யமுடியும் என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
நொறுங்கும் சத்தம் எனக்குள்ளேயே பெரிதாகக் கேட்டது.

எறியச் சொன்ன மாவு பின்கட்டில் வாளியில் இருந்தது.
எறிய மனம் வரவில்லை.
மறுநாள் விடிகாலை போய்ப் பார்க்கிறேன்,
ஈஸ்ட் ஒரு சிட்டிகை காட்டவில்லை,
மூடியைத் தள்ளிக்கொண்டு
மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது.

மொரீஸ் இன்னும் வரவில்லை.
சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினேன்.