ஏழாவது டேக்

மலாடு ஸ்டுடியோ. ஐம்பத்தொன்று, மே.
மைக்கில் இரைகிறதென்று
மின்விசிறியை நிறுத்தச் சொன்னவன் நான்தான்.

கல்கத்தாவில் அவள் நடித்த படப்பெட்டிகள்
டாக்கா போய்ச் சேராமல்
சுங்கச்சாவடியில் வெயில் காய்வதாகக் கேள்வி.
பாதிச் சந்தை போனால் பாதிச் சம்பளம்.
பம்பாய்க்கு ரயிலேறிவிட்டாள் சுருசி குஹா.

இந்தி வசனத்தில்
அகரமெல்லாம் ஒகரமாய் உருள
ஆறு டேக் வீண்.
உச்சரிப்பு வாத்தியார் பீடி பிடிக்கப் போய்விட்டார்.

ஏழாவது: சாகும் காட்சி, ஒரே சொல்.
‘பானி.’

அத்தனை சுத்தம்.
யார் சொல்லித் தந்தது என்றேன்.

“எங்கள் வீட்டில் ஜொல்.
பாரிசாலில் அடுத்த வீட்டு மொமேனாவுக்குப் பானி.
குளம் ஒன்றுதான்.”

கட் சொல்ல மறந்திருந்தார்கள்.
அவள் பேசியதும் பதிவாகியிருந்தது.
பதினைந்தடி ஃபிலிம்.
வீண் என்று குறித்துக்
கையெழுத்திட்டேன்.