ஐந்தாம் புள்ளி

ராயடரில் பெட்ரோல் போடும்போதே கெத்தின் சொல்லிவிட்டான்:
பேசி முடித்தால் 'ஓவர்' சொல்லுங்கள்,
வாக்கிடாக்கியில் பாட்டு வேண்டாம்,
கேட்டைத் திறந்தவர் மூடிவிட்டு வாருங்கள்,
ஆடுகள் நம்முடையவை அல்ல.

கையகலத் திரையில் ஐந்து புள்ளிகள்.
கடைசிப் புள்ளி நான்.
முன்னால் போகும் நான்கு பைக்கின் சேறும்
என் ஹெல்மெட் கண்ணாடிக்கு.

மேட்டில் ஏறியதும் மூடுபனி இறங்கிவிட்டது.
மூன்று புள்ளிகள் நகர்கின்றன.
சங்கவியின் புள்ளி மட்டும்
பாதைக்கு மேற்கே, இருநூறு மீட்டரில்,
வழியே இல்லாத இடத்தில் நிற்கிறது.

'சங்கவி, கேட்குதா? ஓவர்.'
கரகரப்பு.
'சங்கவி.'
ஓவர் சொல்ல மறந்தேன்.

புல் முழுக்கச் சதுப்பு, வண்டி உள்ளே வராது.
நிறுத்திவிட்டு ஓடினேன்.
பூட்ஸ் ஒன்று சேற்றோடு தங்கப் பார்த்தது.

கம்பிவேலியில் சாய்ந்து அவள் பைக்.
ஹெல்மெட் சீட்டின் மேல்.
கைப்பிடியில் தொங்கும் வாக்கிடாக்கி
கெத்தினின் குரலில் அவளைக் கூப்பிடுகிறது.
நானும் பொத்தானை அழுத்திக் கூப்பிட்டேன்.
என் குரலே எதிரே இருந்து கத்தியது.
ஓர் ஆடு திரும்பிப் பார்த்தது.

மஞ்சள் பூப்புதருக்குப் பின்னாலிருந்து
ஜிப்பை இழுத்துக்கொண்டு வந்தாள்.
'இதுக்கும் சாட்டிலைட் வேணுமா?'

வாக்கிடாக்கியை எடுத்தாள்:
'இருக்கிறேன். ஓவர்.'

இறக்கம் முழுக்க அவள் பின்விளக்கு
பத்தடி முன்னால் சிவப்பாய் எரிந்தது.
நான் திரையைத்தான்
பார்த்துக்கொண்டே வந்தேன்.